என் பெயரில் யாக்கோப்பின் பிறசர்

எந்த டொக்டருக்கும் கை நீட்டுவதில்லை என்று நான் ஒரு சபதம் எடுத்திருந்தேன். கையை நீட்டினால் அதில் ஒரு துணிப்பட்டியைச் சுற்றிக் காற்றடிப்பார்கள். அடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு எங்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பறிப்பார்கள். வேலணையில் இருக்கிற என் தமையனுக்கு இதுதான் நடந்தது. முதலில் சுருட்டுப் போயிற்று. பிறகு உப்பு. பிறகு தேங்காய்ப்பால். போன பொங்கலுக்கு அவரைப் பார்க்கப் போனேன். அவித்த பூசணிக்காய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மறியலில் அடைபட்டுக் கிடப்பவர் போல என்னைப் பார்த்தார்.

"மயில்வாகனம், உன்னை இன்னும் பிடிக்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

அங்கேயே எடுத்தேன் சபதத்தை.

நான் நாரந்தனைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐம்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. சுருட்டு, கருவாடு, மோர்மிளகாய் ஆகிய மூன்றிலும் பக்தியுள்ளவன். கொஞ்சம் வண்டி இருக்கிறது. மாடு இழுக்கிற வண்டி இல்லை. நானே இழுத்துக்கொண்டு திரிகிற, இடுப்பில் கட்டின சாரத்துக்கு மேலே தள்ளி நிற்கிற வண்டி. இரத்த அழுத்தம் எனக்கு உண்டா என்று அப்போது தெரியாது. ஆனால் என் மனைவி மீனலோசனி அழுத்தக்காரி என்பது கலியாணமான கிழமையே தெரியும். ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும் என்பதை எனக்குத் தெரியவிட மாட்டாள். இந்தக் கதை முழுக்க அந்த அழுத்தத்தால் வந்ததுதான்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து டொக்டர்மார் வந்து எங்கள் வாசிகசாலையில் ஊருக்கெல்லாம் பிறசர் பார்க்கப் போகிறார்கள் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். காலையில் பெண்கள், பின்னேரம் ஆண்கள். மீனலோசனி முதல் ஆளாய்ப் போய், மத்தியானம் திரும்பி வந்தாள்.

"எனக்கு ஒண்டுமில்லையாம். பச்சைப்பிள்ளையின்ரை பிறசராம்."

"நல்லது. சோத்தைப் போடும்."

"கை கால் இழுக்கிற பாரிசவாதம் ஏன் வாறது, வந்தால் எப்பிடிப் பிடிக்கிறது எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினவர். நீங்கள் பின்னேரம் போகவேணும்."

"எனக்கு இந்த வீட்டிலை உம்மோடை செய்யிற வாதம் காணும். வேறை வாதம் வராது."

"மாமாவுக்கு வந்ததுதானே. சொந்த அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வரலாமாம்." சோற்றை வைக்காமல் சின்னி விரலை மடக்கினாள். "அது ஒண்டு. வயசு. சுருட்டு. கருவாடு. வண்டி." ஒரு கை முடிந்துவிட்டது. மற்றக் கையை எடுத்தாள். "கோவம்."

"எனக்கு எங்கையப்பா கோவம்?" என்று கத்தினேன்.

அந்த விரலையும் மடக்கினாள்.

போகாவிட்டால் சோறு கிடைக்காது. போனால் சோற்றைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. இந்த இக்கட்டில்தான் எனக்கு யாக்கோப்பின் நினைவு வந்தது.

யாக்கோப்பு கரையில் இருக்கிற மீன்பிடிகாரன். சங்கக்கடைக் காலத்திலிருந்து என் கூட்டாளி. என் வயதுதான், ஆனால் முறுக்கின கயிறு மாதிரி உடம்பு. வலையைத் தனியாளாய் இழுத்துப் போடுவான். தடிமன் காய்ச்சல் கூட வந்ததில்லை. பின்னேரங்களில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். அவன் மனைவி ஞானசவுந்தரி மீன் பொரிப்பாள். நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு சுருட்டுக் குடிப்போம். எனக்குப் பதில் அவனை அனுப்பினால் டொக்டர் அளந்துவிட்டுக் கை குலுக்கி அனுப்புவார். என் பெயருக்கு ஒரு நல்ல உடம்பு கிடைக்கும்.

"யாக்கோப்பு, நீ இண்டைக்குப் பின்னேரம் நானாக இருக்கவேணும்."

"அதுக்கு நான் என்ன செய்யவேணும் அண்ணை?"

"மயில்வாகனம் எண்டு கூப்பிட்டால் எழும்பிப் போகவேணும். கையைக் குடுக்கவேணும். வரவேணும்."

"அக்காவுக்குத் தெரியுமே?"

"தெரிஞ்சால் நான் ஏன் உன்னட்டை வாறன்?"

ஒரு கட்டுச் சுருட்டுக்குச் சம்மதித்தான். என் வேட்டியையும் நாஷனல் சட்டையையும் ஒளித்துக் கொண்டுபோய் உடுத்திவிட்டேன். நெற்றியில் திருநீறு பூசப் போனபோது மட்டும் கையைப் பிடித்தான். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "மாதா பொறுத்துக்கொள்ளுவா, பூசுங்கோ," என்றான்.

நான் வாசிகசாலைக்குப் பின்னாலே பூவரச மரத்தடியில் நின்றேன். ஒரு சுருட்டு முடிந்தது. இன்னொன்றும் பாதி முடிந்தது. யாக்கோப்பு வந்தான். போன முகம் இல்லை. நேரே வந்து என் தோளில் கை வைத்தான்.

"அண்ணை, மனத்தைத் திடப்படுத்துங்கோ."

"ஏன்ரா?"

"உங்களுக்கு இருநூறாம்."

"எனக்கோ?"

"ஓம். ரெண்டு தரம் அளந்து பார்த்தவர். உங்கடை அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததோ எண்டு கேட்டவர். வந்தது எண்டு உண்மையைச் சொன்னன். சுருட்டுக் குடிக்கிறனீரோ எண்டார். குடிக்கிறவர் எண்டன். எந்த நேரமும் வரலாமாம். நீங்கள் கவனமாய் இருக்கவேணும் அண்ணை."

"யாக்கோப்பு, அவர் காத்தடிச்சது உன்ரை கையிலை."

"கை என்ரைதான். பேர் உங்கடைதானே."

"அப்பாவை விடு. பிறசர் உன்ரையடா."

"எனக்கேன் பிறசர்? நான் வலை இழுக்கிறவன்." சிரித்துவிட்டான். மடியிலிருந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்து என் கையில் வைத்தான். "இது உங்கடை குளிசை. காலமையும் பின்னேரமும் போடட்டாம்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலையில் அடித்துச் சொன்னேன். தனக்குத் தலையிடி கூட இல்லை, நோய், வருத்தமென்றால் நோகத்தானே வேண்டும் என்றான். வேட்டியைக் கழற்றித் தந்துவிட்டுச் சுருட்டுக்கட்டோடு போய்விட்டான். நான் பெயரைக் கொடுத்து அனுப்பினேன். அவன் அதில் வருத்தத்தைப் போட்டுத் திருப்பித் தந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முந்தி வந்து குசினிக்குள் இருந்தது.

"இருநூறாமே?" என்றாள் மீனலோசனி.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆள்மாறாட்டம் என்ற சொல் தொண்டைக்குள் நின்றது. அதைச் சொன்னால் வருகிற அழுத்தத்துக்கு இருநூறு போதாது. "ஓம்," என்றேன். "இருநூறு."

"நீங்களே சொல்லுறீங்கள்."

"நானே சொல்லுறன்."

தலையை ஆட்டிவிட்டுப் போய் உப்புச் சிரட்டையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அன்றிலிருந்து நான் வாழ்ந்தது உப்புச் சப்பில்லாத வாழ்க்கை. இதை உவமையாகச் சொல்லவில்லை. சொதியில் உப்பில்லை. சம்பலில் உப்பில்லை. பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி, அதிலும் உப்புப் போடாமல் என் முன்னே வைத்தாள். அந்தக் கூழைக் குடித்தவன் இந்தத் தீவுகளிலேயே நான் ஒருவன்தான். கருவாட்டுப் பானை பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு வெறும் சோறு தின்றேன். சுருட்டைத் தேடினால், "எரிச்சுப்போட்டன். நெருப்புக்கும் ஒரு சுருட்டு வேணுந்தானே," என்றாள்.

சாப்பாட்டைக் கூடப் பொறுக்கலாம். காலமைப் பாடத்தைத்தான் பொறுக்க ஏலாது. பல் விளக்கின கையோடு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

"சிரியுங்கோ."

"ஏன்?"

"வாய் ஒரு பக்கம் கோணுதோ எண்டு பாக்க. சிரியுங்கோ."

சிரிப்பேன். கலியாணப் படத்திலே கூட நான் இப்படிச் சிரித்ததில்லை.

"ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக் கண்ணை மூடுங்கோ. ஒரு கை தானாய்க் கீழை இறங்கினால் அது அடையாளம். சரி. இப்ப நான் சொல்லுறதைச் சொல்லுங்கோ. நாரந்தனைச் சந்தியிலை நாலு நாரத்தம்பழம்."

"நாரந்தனைச் சந்தியிலை எந்தக் காலத்திலையப்பா நாரத்தம்பழம் வித்தது?"

"நாக்குப் புரளுதோ எண்டுதான் பாக்கிறது. பழம் வாங்கிறதுக்கில்லை."

சொல்லுவேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அயல் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும்.

அதோடு விடமாட்டாள். கேள்வி கேட்பாள். "இதிலை ஒண்டு பிழைச்சால் என்ன செய்யவேணும்?"

"உடனை காரைப் பிடிக்கவேணும்."

"கொஞ்சம் படுத்தால் சுகம் வரும் எண்டு விடலாமோ?"

"விடக்கூடாது."

"வாயிலை தண்ணி, கோப்பி?"

"ஒண்டும் ஊத்தக்கூடாது. புரைக்கேறும்."

"வேறை?"

"எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு பாத்து வைக்கவேணும். டொக்டர் கேப்பார்." எனக்குப் பொறுமை போய்விடும். "இஞ்சேரும், வாய் கோணி, கை விழுந்து, நாக்குப் புரண்டு கிடக்கிற நான், மணிக்கூட்டைப் பாத்துப்போட்டு ஓடிப்போய்க் காரையும் பிடிக்கிறதோ? இதை நீரெல்லோ பாடமாக்க வேணும்?"

"நீங்கள் பாடமாக்குங்கோ," என்பாள். அவ்வளவுதான். அழுத்தக்காரி.

குளிசையை அவள் முன்னால் வாயில் போட்டு, நாக்குக்குக் கீழே ஒளித்து, வேலியடியில் போய்த் துப்பினேன். மிச்சத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பின்னேரங்களில் யாக்கோப்பிடம் போனேன். பின்னேரம் சைக்கிள் எடுப்பதை மட்டும் அவள் ஏனோ தடுக்கவில்லை. "யாக்கோப்பைப் பாத்துப்போட்டு வாங்கோ," என்று தானே சொல்லி அனுப்பினாள். எனக்கு அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் பொரித்த மீனை நினைத்துக்கொண்டு போகிறவன் அதிசயங்களை ஆராய்வதில்லை.

"யாக்கோப்பு, இந்தக் குளிசையைப் போடு. உன்ரை குளிசை."

"விசர்க்கதை கதையாதையுங்கோ அண்ணை. உங்கடை மருந்தை நான் குடிச்சால் உங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று என்மேல் இரக்கப்பட்டான். "இவளும் ரெண்டு நாளாய் இந்தப் புராணந்தான். பிறசர், பிறசர். நீங்கள்தான் சொல்லிக் குடுத்தனீங்கள் போலை."

நான் ஞானசவுந்தரிக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதையும் ஆராயவில்லை. அவள் ஒரு தட்டில் மீனைக் கொண்டுவந்து வைத்தாள். கடித்தேன். உப்பில்லை.

"சவுந்தரி, உப்பு?"

"முடிஞ்சுபோச்சு," என்றாள் அவள். சுற்றிவரக் கடல் உள்ள வீட்டில்.

எனக்கும் பயம் வராமல் இல்லை. சுருட்டுப் பற்றவைக்கும்போது அவன் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்ப்பேன். என் அப்பா வலப்பக்கம் விழுந்து கிடந்த கட்டிலும் அவர் என் பெயரைச் சொல்ல முடியாமல் உருட்டின சத்தமும் நினைவுக்கு வரும். நாளைக்கு இவனை இழுத்துக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று நினைப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று அந்த மாசி போய்க்கொண்டிருந்தது.

ஒரு பின்னேரம் போனபோது யாக்கோப்பு தென்னைக்குக் கீழே வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தேன். சந்தையில் மீன் விலை விழுந்ததைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே சுருட்டை வாயில் வைத்தான். சுருட்டு வழுகி மடியில் விழுந்தது. எடுத்து வைத்தான். திரும்பவும் விழுந்தது.

"என்ன, கள்ளுக் கூடிப்போச்சோ?" என்று சிரித்தேன்.

அவன் ஏதோ சொன்னான். வாய்க்குள் சோற்றை அடைத்துக்கொண்டு கதைக்கிற மாதிரி இருந்தது. சொல் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. வலக்கை வலைக்கு மேலே, யாரோ விட்டுவிட்டுப் போன கை மாதிரிக் கிடந்தது. அதை அவனே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலையைத் தள்ளிவிட்டு அவன் முன்னால் குந்தினேன்.

"யாக்கோப்பு, சிரி."

இடப்பக்கம் சிரித்தது. வலப்பக்கம் தொங்கிக்கொண்டு நின்றது.

"ரெண்டு கையையும் நீட்டு."

ஒன்று வந்தது. மற்றது வரவேயில்லை.

"நாரந்தனைச் சந்தியிலை நாலு நாரத்தம்பழம். சொல்லு யாக்கோப்பு. சொல்லடா."

"நா... ந்த..." என்று இழுத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

கைமணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்தடிக்கக் கொஞ்சம் இருந்தது. சத்தம் போட்டு ஞானசவுந்தரியைக் கூப்பிட்டேன். கோப்பிப் பேணியோடு ஓடிவந்து அவன் வாயில் வைக்கப் போனாள்.

"குடுக்காதையும். புரைக்கேறும். சரிச்சுப் படுக்க வையும். நான் காருக்குப் போறன்."

என் வண்டியைத் தூக்கிக்கொண்டு நான் அப்படிச் சைக்கிள் மிதித்தது சங்கக்கடைத் திறப்பைப் பூட்டிலேயே மறந்துவிட்டு வந்த நாளில்கூட இல்லை. சந்தியில் வாடகைக்கு நிற்கிற தில்லைநாதனின் ஒஸ்ரின் கார் நாலு பேர் தள்ளினால்தான் வெளிக்கிடுகிற கார். நாலு பேரைத் தேட நேரமில்லை. நானும் தில்லைநாதனும் தள்ளினோம். வெளிக்கிட்டது.

யாக்கோப்பையும் ஞானசவுந்தரியையும் ஏற்றினோம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க யாக்கோப்பின் வலக்கை என் மடியில் கிடந்தது. நனைந்த வலை மாதிரிப் பாரம். என் பெயரை அதில் எழுதி அனுப்பினவன் நான்தானே என்று நினைத்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி மதில் தெரிகிற நேரம் அந்தக் கையின் ஒரு விரல் என் விரலைச் சுரண்டியது.

அங்கே இருந்தவர் இளம் டொக்டர். எப்போது தொடங்கியது என்று கேட்டார். சொன்னேன். வாயில் ஏதும் கொடுத்தீர்களா என்றார். இல்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பட்டியைச் சுற்றி அளந்தார். இருநூறுக்கு மேலே நின்றது. கொஞ்ச நேரத்தில் யாக்கோப்பின் கை மெல்ல மெல்ல உயர்ந்தது. பேச்சும் திருந்தி வந்தது.

"மூளைக்குப் போற இரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டு, தானாய் விட்டிருக்கு," என்றார் டொக்டர். "சுகம் வந்திட்டுது எண்டு வீட்டிலை வைச்சிருந்தால் பெரிசாய் வந்திருக்கும். இனி வாற நாள்கள்தான் கவனம். இப்பவே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போறன். இவருக்கு முந்திப் பிறசர் பாத்தது இல்லையோ?"

ஞானசவுந்தரி என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மீனலோசனியும் உள்ளே வந்தாள். தில்லைநாதனின் வீட்டிலிருந்து செய்தி போயிருக்கவேண்டும்.

"பாத்தது," என்றேன். "இருநூறு. ஆனால் என்ரை பேரிலை."

டொக்டருக்கு விளங்கவில்லை. முழுக்கச் சொன்னேன். வேட்டி, நாஷனல், திருநீறு எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு மீனலோசனியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியும்," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"வாசிகசாலையிலை அண்டைக்கு நாப்பது ஆம்பிளையள் இருந்தவை. மயில்வாகனம் எண்டு கூப்பிட யாக்கோப்பு எழும்பிப் போனதை நாப்பது பேரும் பாத்தவை. நாப்பது பேருக்கும் வீட்டிலை பெண்சாதி இருக்கு."

"அண்டைக்கே தெரியுமோ?"

"நீங்கள் வாறதுக்கு முன்னமே. உங்கடை நாஷனலும் மீன் மணந்தது. அண்டைக்கே சவுந்தரியிட்டைப் போய்ச் சொன்னனான். அவவும் கெஞ்சிப் பாத்தவ. இவர் கேக்கேல்லை. அது மயிலண்ணையின்ரை வருத்தம் எண்டு நிண்டிட்டார். பின்னேரம் பின்னேரம் இவரோடை இருக்கிற ஆள் நீங்கள்தானே. அதுதான் உங்களுக்குப் படிப்பிச்சனான்."

நான் முற்றத்தில் நின்று சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. "அப்ப சிரியுங்கோ, கையை நீட்டுங்கோ எண்டதெல்லாம்?"

"யாக்கோப்புக்கு."

"அப்ப எனக்கேன் உப்பில்லாத சாப்பாடு?"

"உங்களுக்கு இருநூறு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கட்டிலில் இருந்து யாக்கோப்பின் குரல் வந்தது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் சொல் சொல்லாக வந்தது.

"அண்ணை, அப்ப அது என்ரை பிறசர்தானோ?"

"ஓம் யாக்கோப்பு. உன்ரைதான்."

"இனிக் குளிசை போடுறன்." தலையை என் பக்கம் திருப்பினான். "அப்ப உங்கடை எவ்வளவு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டொக்டர் பட்டியைக் கையில் எடுத்தார். யாக்கோப்பு படுத்திருக்கிற இடத்தில் நின்று சபதம் கதைக்க எனக்கு முகமில்லை. கையை நீட்டினேன். காற்றடித்தார். இறக்கினார். முகத்தைச் சுளிக்கவில்லை.

"நூற்று முப்பது. உங்கடை வயசுக்கு நல்லம்."

எனக்குக் கால் நிலத்தில் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிற கருவாட்டுப் பானை கண்முன்னே வந்து நின்றது. "கேட்டனீரே?" என்றேன் மீனலோசனியிடம். "எனக்கு ஒண்டுமில்லை. இண்டைக்கே அலுமாரியைத் திறவும்."

அவள் என்னைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்தாள்.

"இவர் இப்ப கொஞ்ச நாளாய் உப்பு இல்லாமல், கருவாடு இல்லாமல் இருக்கிறவர் டொக்டர்."

"அப்பிடியோ? அதுதான் இவ்வளவு நல்லாய் இருக்கு," என்றார் அந்த இளம் டொக்டர்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றாள் மீனலோசனி. "இனி நிப்பாட்ட ஏலாது."